அடுத்தவர் அத்தியாயம்

மோட்டாரை நிறுத்தினோமா இல்லையா என்கிற கேள்வி, செண்பகவல்லிக்குக் கல்லூரி முதல்வர் அறைக்குள் காலை வைத்த பிறகுதான் வந்தது. அது வருகிற நேரத்தைப் பாருங்கள்! காலையில் குளித்து, குழம்பு வைத்து, பஸ் பிடித்து, பாளையங்கோட்டை வெயிலில் நடந்து வந்து, இரண்டாம் வருஷப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுப் புரட்சியையும் நடத்தி முடித்தாகிவிட்டது. அப்போதெல்லாம் எங்கே போயிருந்ததோ, இப்போது வந்து குறுக்கே நிற்கிறது. மாடித் தொட்டி நிரம்பி வழிந்து கீழ்வீட்டுக்காரர் காயப்போட்ட வேட்டியெல்லாம் நனைந்திருக்கும், சாயங்காலம் மனுஷன் வாசலிலேயே நிற்பார், நிற்கட்டும், இல்லை, வழிகிற அளவுக்குக் கிணற்றில் தண்ணீர் எங்கே இருக்கிறது, மோட்டார் வெறுமனே ஓடிக் கருகியிருக்கும், அதுவும் போகட்டும். ஊரே பற்றி எரிந்தாலும் இன்றைக்கு இந்த மேசையை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை. இன்றைக்குள் ஒரு புத்தகம் முடிவாகாவிட்டால் ‘உலகச் சமயங்கள்: ஓர் அறிமுகம்’ என்கிற பாடமே கிடையாது, அந்த இடத்தில் ‘ஆளுமை மேம்பாடு’ வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று முதல்வர் ஜெபசிங் போன கூட்டத்தின் கடைசியில் கை கழுவிவிட்டுப் போய்விட்டார். ஆளுமை மேம்பாடாம்! டை கட்டுவது எப்படி, கை குலுக்குவது எப்படி. கை குலுக்கத் தெரிந்து என்ன செய்ய, குலுக்குகிற கை யாருடையது என்று தெரியாமல்? இதைப் போன கூட்டத்தில் சொல்லியிருக்க வேண்டும். செண்பகவல்லிக்கு நல்ல பதில் எல்லாம் வீட்டுக்குப் போய் முகம் கழுவும்போதுதான் வரும், பிறவிக் கோளாறு. சுவிட்சைத் தட்டினோம், சரி, அது போடவா, அணைக்கவா?

போன கூட்டத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. மேசை மேல் மூன்று புத்தகங்கள், நீல அட்டை, பச்சை அட்டை, மஞ்சள் அட்டை. எல்லாருக்கும் முன்கூட்டியே வீட்டுக்குக் கொடுத்தனுப்பிப் படித்துவிட்டு வரச் சொல்லியிருந்தாள். படித்துவிட்டுத்தான் வந்தார்கள், மகராசர்கள், ஆனால் எதை? தமிழ்த்துறைக் காந்திமதிநாதன் சார் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் அது தானாகவே சைவத்தில் போய்த் திறந்துகொண்டது. அவ்வளவு புரட்டியிருக்கிறார். பொருளாதாரத் துறை செய்யதலி பாத்திமா மேடத்தின் பிரதி இஸ்லாத்தில் திறந்தது. முதல்வரின் பிரதி கிறிஸ்தவத்தில். சரி, கணக்குத்துறை இங்கர்சாலாவது மனுஷன் பொதுவாகப் பேசுவார் என்று பார்த்தால், அப்பா ஆசையாக வைத்த நாத்திகர் பேருக்குக் குந்தகம் வராமல், கடவுள் இல்லை என்பவர்களுக்கு எத்தனை பக்கம் என்று எண்ணிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். “ஒன்றரைப் பக்கம் மேடம், அதுலயும் அரைப் பக்கம் படம்” என்று அவர் ஆரம்பித்ததுதான். அறுபத்து மூவர் எங்கே என்றார் ஒருத்தர், எங்களில் இத்தனை பிரிவு உண்டே அது எங்கே என்றார் இன்னொருத்தர், சீர்திருத்தச் சபைகளை ஒரே பத்தியில் அடைத்தது எவன் என்று முதல்வரே நாற்காலியை விட்டு எழுந்தார். பந்தியில் உட்கார்ந்தவன் கண் தன் இலையில்தானே இருக்கும். சமணத்துக்கும் யூதத்துக்கும் அந்த மேசையில் ஆளில்லை, அதனால் அந்த அத்தியாயங்களில் ஒரு பிழையும் இல்லை, அச்சடித்தது அச்சடித்தபடி சரி! சண்டை முற்றி, காபி ஆறி, ஒன்றும் நடக்காமல் கலைந்து போனார்கள்.

ஊரைச் சொல்லுவானேன், அவளே என்ன யோக்கியம். மூன்று புத்தகமும் தபாலில் வந்த அன்றைக்கு, கட்டைப் பிரித்த கையோடு அவள் முதலில் தேடியது சுடலைமாடனைத்தான். கோவில்பட்டியில் பிறந்து அந்த ஊர் அம்மன் பேரை வைத்துக்கொண்டாலும் அப்பா வழிக் குலசாமி சுடலை. நீல அட்டையில் சுடலை இல்லை. அதில் யாருமே இல்லை, கொள்கைதான் இருந்தது. ஒவ்வொரு மதத்துக்கும் நிறுவியவர், நூல், கோட்பாடு, உட்பிரிவு. படித்து முடித்தால் பரீட்சை எழுதலாம், பக்கத்து வீட்டுக்குப் போய் ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியாது. பச்சை அட்டை அதற்கு நேர் மாறு, எடுத்த எடுப்பில் எல்லா மதமும் ஒன்றே என்றது, பத்துப் பக்கத்துக்கு ஒருதரம் மறுபடி ஒன்றே என்றது. ஒன்று என்றால் அப்புறம் எதற்கய்யா அவ்வளவு தடிமனாக ஒரு புத்தகம்? ஆளைப் பிடித்து உட்கார வைத்து “நீயும் நானும் ஒண்ணு” என்று சொல்லிவிட்டால் அவன் அதற்கு மேல் தன்னைப் பற்றி வாயைத் திறப்பானா? மஞ்சள் அட்டை வேறு மாதிரி. ஒவ்வொரு அத்தியாயமும் வீட்டு வாசலில் ஆரம்பித்தது. பிள்ளை பிறந்தால் என்ன செய்வார்கள், செத்தால் என்ன செய்வார்கள், எதைச் சாப்பிடமாட்டார்கள், எந்த நாளில் சிரிக்கமாட்டார்கள், அதற்குப் பிறகுதான் நூலும் கோட்பாடும். ஒரே மதத்துக்குள் ஆளுக்கு ஆள் வழக்கம் மாறும், ஒருத்தருக்குச் சரி இன்னொருத்தருக்குத் தப்பு என்பதையும் மறைக்கவில்லை. குலதெய்வங்களுக்கு அரைப் பக்கம் இருந்தது. சுடலை பேர் இல்லை, போகட்டும், பிடாரி பேர் இருந்தது, சொந்தக்காரிதானே. அப்போது நினைத்தாள், இதுதான் புத்தகம். அடுத்த நிமிஷமே நினைத்தாள், அரைப் பக்கம் நம் ஆளுக்குக் கொடுத்ததால் பல்லைக் காட்டுகிறாயா செண்பகவல்லி? அந்தச் சந்தேகம் இன்று வரை போகவில்லை. நல்ல புத்தகமா, நமக்கு நல்ல புத்தகமா? ராத்திரி பாத்திரம் கழுவும்போது இந்தக் கேள்விதான், காலையில் பால் பொங்கும்போதும் இதேதான். மோட்டாரை எப்படி ஞாபகம் வைத்திருக்க முடியும்?

ஆனால் இந்தப் பாடம் வேண்டும். அதில் சந்தேகமே கிடையாது. இந்தக் கல்லூரியில் அவள் கண்டது மரியாதை, வெறும் மரியாதை, கழுத்து வரை மரியாதை. நோன்பு மாதம் வந்தால் காந்திமதிநாதன் சார் காபி டம்ளரோடு பீரோவுக்குப் பின்னால் போய்விடுவார், பாத்திமா மேடம் பார்க்கக்கூடாதாம். ஓய்வறை முழுக்க டிகிரி காபி மணக்கும், பாத்திமா மேடம் தலையைக் குனிந்து விடைத்தாள் திருத்துவாள். மேடம், காபி குடித்தால் உங்களுக்குச் சங்கடமா என்று ஒரு வார்த்தை, வருஷக்கணக்கில் ஒரே மேசையில் உட்கார்ந்தவர், கேட்டது கிடையாது. கேட்டால் தப்பாகிவிடும். கேட்காமல் இருப்பதுதான் நாகரிகம். இப்படியே கேட்காமல் கேட்காமல், நாளைக்கு எவனாவது வந்து அவர்களைப் பற்றி இவர்களிடமும் இவர்களைப் பற்றி அவர்களிடமும் வாய்க்கு வந்ததைச் சொன்னால், இல்லை ஐயா அப்படி இல்லை என்று சொல்ல ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது. அதுதான் அவளுக்குப் பயம். படிக்கிற பிள்ளைகளை நினைத்துப் பயம், அதைவிட இந்த மேசையை நினைத்துப் பயம். அந்தப் பயத்தில்தான் போன வாரம் அப்படி ஒரு காரியத்தைச் செய்தாள், நாலு பேரையும் தனித்தனியாகப் பார்த்து, “சார், ஒங்க அத்தியாயத்தைத் தொடவே கூடாது. மூணு புஸ்தகத்துலயும் அடுத்தவங்க அத்தியாயத்தை மட்டும் படிச்சிட்டு வாங்க. எந்தப் புஸ்தகம் ஒங்களை அவங்ககிட்ட ஒரு கேள்வி கேக்க வெக்குதோ, அந்தக் கேள்வியோட வாங்க. கேள்வியே வரலேன்னா அந்தப் புஸ்தகம் நமக்கு வேண்டாம்” என்று சொல்லியிருந்தாள். காந்திமதிநாதனுக்கு இஸ்லாம், பாத்திமாவுக்கு இந்து சமயம், இங்கர்சாலுக்குக் கிறிஸ்தவம், சீயோன் சபையில் பைபிள் வாசிக்கிற முதல்வருக்குக் கடவுள் மறுப்பு. சொன்னபோது பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. இப்போது மின்விசிறி கடகடக்கிற இந்த அறையில், நாலு பேர் முகத்தையும் பார்க்கும்போது, பள்ளிக்கூட விளையாட்டு மாதிரி இருக்கிறது. யாரும் படித்திருக்கமாட்டார்கள். படித்தாலும் கேட்கமாட்டார்கள். அல்லது கேட்டுத் தொலைப்பார்கள். கேட்கக்கூடாததைக் கேட்டு, கிணறு வெட்டப் பூதம் கிளம்பி, ஆளுமை மேம்பாடு ஜம்மென்று வந்து உட்காரும்.

“ஆரம்பிக்கலாமா?” என்றார் முதல்வர். யாரும் ஆரம்பிக்கவில்லை. இங்கர்சால் தொண்டையைச் செருமினார், பேனா மூடியைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார். கணக்கு வாத்தியாருக்கு இவ்வளவு கூச்சமா என்று செண்பகவல்லிக்கே ஆச்சரியம், பெரியார் பிறந்த நாளில் மைக்கைப் பிடித்தால் விடாத ஆள். “நீல புஸ்தகம் படிச்சேன். கேள்வி இல்ல, எல்லாத்துக்கும் பதில் போட்டிருக்கான். பச்சையில கேள்வி கேட்டா கோவிச்சுக்கிடுவான் போல இருக்கு. மஞ்சள்ல ஒரு வரி...” என்று நிறுத்தினார். “சொல்லும்வே” என்றார் முதல்வர். “புனித வெள்ளிய பத்தி சார். அது துக்க நாளு, அன்னைக்கி யாரும் வாழ்த்து சொல்லிக்கிடுதது இல்ல, பட்டினியா இருப்பாங்கன்னு போட்டிருக்கு. நாக்கைப் புடுங்கிக்கிட்டுச் சாகலாம்போல ஆயிட்டு எனக்கு. நான் வருஷா வருஷம்...” அதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை, கல்லூரிக்கே தெரிந்த விஷயம். எல்லா மதத்து விசேஷத்துக்கும் வீடு தேடிப் போய் வாழ்த்துவது இங்கர்சாலின் கொள்கை. சமத்துவம். வருஷா வருஷம் புனித வெள்ளி சாயங்காலம், முதல்வர் குடும்பத்தோடு சபைக் கோவிலில் மூன்று மணி நேர ஆராதனை முடிந்து, கறுத்த முகமும் காய்ந்த வயிறுமாக வீட்டுக்கு வந்து நிற்கையில், இங்கர்சால் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு ஒரு கிலோ லட்டோடு வாசலில் நின்று ‘ஹாப்பி குட் ஃப்ரைடே சார்’ என்பார். கல்லூரி முழுக்க இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறது, அவரிடம் சொன்னதுதான் கிடையாது. “ஏன் சார் நீங்க ஒரு தடவை கூடச் சொல்லல?” என்று கேட்டார் இங்கர்சால். முதல்வர் அவரைப் பார்த்தார். “எப்படிவே சொல்ல? நம்ம வீட்டுக்கு அன்னைக்கி வேற ஒருத்தனும் வரமாட்டான். நீரு ஒருத்தர்தான் வருவீரு. என் பிள்ளைங்க அந்த லட்டை ஈஸ்டர் வரைக்கும் பிரிட்ஜுல வெச்சிருந்து, ஞாயித்துக்கெழம காலையில மொத வேலையா அதைத்தான் திங்கும். அடுத்த வருஷமும் வாரும். லட்டும் கொண்டு வாரும். வாயை மட்டும் தொறக்காதேயும்.” அடி சக்கை! செண்பகவல்லி சிரித்துவிட்டாள், எல்லாரும் சிரித்தார்கள், இங்கர்சால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். சிரிப்புக்கு நடுவில் அவள் மனசு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது, மஞ்சள் ஒன்று, மஞ்சள் ஒன்று.

எண்ணாதே, கண் பட்டுவிடும். மோட்டார் ஓடினால் ஓடட்டும். இப்போது பாத்திமா மேடம் கைப்பையை மடியிலிருந்து எடுத்து மேசை மேல் வைக்கிறாள், மறுபடி மடிக்கு எடுக்கிறாள். மேலப்பாளையத்துப் பெண், அளந்துதான் பேசுவாள், பேசினால் அப்புறம் அதில் கூட்டவோ குறைக்கவோ ஒன்றும் இருக்காது. “எனக்கும் மஞ்சள்தான் மேடம்” என்றாள், செண்பகவல்லியைப் பார்த்து அல்ல, காந்திமதிநாதனைப் பார்த்து. “பிரசாதத்தைப் பத்தி ஒரு பக்கம் இருக்கு சார். அது தின்பண்டம் இல்ல, தனக்குக் கெடச்ச அருள்ல அடுத்தவங்களுக்குப் பங்கு கொடுக்கறதுன்னு. நீங்க வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம கோவில்லருந்து எனக்குச் சக்கரைப் பொங்கல் கொண்டு வருவீங்கல்ல. நான் அதைச் சாப்பிட்டதில்ல சார். எங்க வீட்டுல படைச்சது சாப்பிடறதில்ல. தோட்டத்துல வேலை செய்யுத குருவம்மாவுக்குக் கொடுத்துருவேன். அது ஒங்களுக்கு மனவருத்தமா சார்? இதான் என் கேள்வி.” ஐயோ, இதை ஏன் இப்போது? காந்திமதிநாதன் சார் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நெற்றியில் திருநீறு, கையில் மடித்த கர்ச்சீப், அவ்வளவுதான். “அத்தனையுமா மேடம்?” என்றார். “அத்தனையும் சார்.” “ஒரு தடவை நல்லாருந்துச்சுன்னு சொன்னீங்களே.” “குருவம்மா சொன்னா சார்.”

விசிறி கடகடத்தது. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது என்றால் இதுதான். அவள் மனசு ஓட ஆரம்பித்துவிட்டது, நாமே நம் கையால் உடைத்தோம், மஞ்சள் அட்டை மஞ்சள் அட்டை என்று குதித்தோம், அந்த மனுஷன் வெள்ளிக்கிழமைதோறும் பித்தளைத் தூக்கில் துணி சுற்றி, பஸ்ஸில் இடிபட்டு, சூடு ஆறாமல் கொண்டு வந்தார், கொடுக்கும்போது முகத்தில் ஒரு பூரிப்பு இருக்கும், பிள்ளைக்கு ஊட்டினவன் மாதிரி, அது போச்சு, இனி வெள்ளிக்கிழமைகளை வைத்துக்கொண்டு இவர் என்ன செய்வார்? தெரியாமல் இருந்தபோது இரண்டு பேரும் சந்தோஷமாகத்தானே இருந்தார்கள். இவர் கொடுத்தார், அவள் வாங்கினாள், குருவம்மா சாப்பிட்டாள், யாருக்கு என்ன நஷ்டம்? பீரோவுக்குப் பின்னால் காபி குடித்தவர் குடித்துவிட்டுப் போகட்டுமே, அதைப் போய்ப் பாடமாக்குகிறேன், புத்தகம் தேடுகிறேன் என்று கிளம்பினாயே, உனக்கு எதற்கடி? ஆளுமை மேம்பாட்டில் ஒரு நாளும் ஒரு மனுஷன் முகம் இப்படிக் கர்ச்சீப்பைப் பார்த்துக் குனியாது. இல்லை. அப்படியும் இல்லை. இப்படி நினைக்காதே. பாத்திமா பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் இந்த அறையில் ஒருத்தர் இன்னொருத்தரிடம் கேட்ட முதல் நிஜமான கேள்வி இது. பதில் எப்படி வந்தாலும் கேள்வி நிஜம். பேசுங்கள் சார், திட்டவாவது செய்யுங்கள், எழுந்து மட்டும் போய்விடாதீர்கள், எழுந்து மட்டும் போய்விடாதீர்கள் என்று செண்பகவல்லி மேசைக்கு அடியில் முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவர் எழுந்திருக்கவில்லை. “வருத்தந்தான் மேடம்” என்றார். “இல்லேன்னு சொன்னா பொய்யி. வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.” “எப்படி சார் சொல்ல? அவ்வளவு ஆசையா நீட்டுவீங்க.” “ம்.” கர்ச்சீப்பை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார். “அப்ப நானும் ஒண்ணு கேக்கேன். எனக்கும் மஞ்சள் புஸ்தகத்துலதான் வந்துச்சு. கேக்கவா வேண்டாமான்னு ரெண்டு நாளா கெடந்து அடிச்சுக்கிட்டேன். ஒங்க வாப்பா தவறினப்ப நாங்க மாலை கொண்டு வந்தோமே. ஜனாஸாவுக்கு மாலை போடுத வழக்கம் இல்லன்னு இதுல போட்டிருக்கு. அன்னைக்கி நாங்க செஞ்சது தப்பா மேடம்?” மாலை! எத்தனை வருஷமாகச் செண்பகவல்லியும் அந்த மாலையை நினைக்காமல் நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஆசிரியர் மன்றத்தின் சார்பில் ஆள் உயர ரோஜா மாலை, சம்பங்கி வைத்துக் கட்டினது, ஜங்ஷனில் சொல்லிச் செய்தது. கல்லூரி வேனில் எல்லாரும் போய் மேலப்பாளையத்துத் தெருவில் இறங்கினால், தெரு நிறைய வெள்ளைத் தொப்பி, ஒரு பூ கிடையாது. காந்திமதிநாதன் சார் இரண்டு கையிலும் மாலையை ஏந்திக்கொண்டு முன்னால் நிற்கிறார், பின்னால் வேண்டுமானால் போகலாம், ஆனால் மாலையோடு எங்கே போவது? போடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வாருங்கள் என்றும் சொல்லவில்லை. தண்ணீர் சொட்டிச் சொட்டி அவர் வேட்டியெல்லாம் ஈரம். கடைசியில் பாத்திமாவின் தம்பி வந்து, இரண்டு கையாலும் வாங்கி, வெளிக்கேட்டில் மாட்டினான். அவ்வளவுதான். திரும்பி வருகையில் வேனில் ஒருத்தரும் பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. அப்புறம் பேசாமலே வருஷங்கள் போய்விட்டன, அந்த மாலை மட்டும் ஒவ்வொருத்தர் மனசிலும் தனித்தனியாகத் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

“தப்பு ஒண்ணும் இல்ல சார்” என்றாள் பாத்திமா. “எங்களுக்குத்தான் சங்கடம். நீங்க அவ்வளவு பாரத்தைத் தூக்கிட்டு நிக்கிறீங்க, உள்ள கொண்டு போக முடியாது, வேண்டாம்னு ஒங்க மொகத்தைப் பாத்துச் சொல்ல தம்பிக்கு வாய் வரல.” கைப்பையை மறுபடி மேசை மேல் வைத்தாள். “வாப்பாவ எடுத்ததுக்கப்புறம் வீட்டைக் கழுவிவிட வந்த பொம்பளைங்க அதைத் தூக்கிப் போடப் போனாங்க. உம்மா விடல. அது வாடிச் சருகாகி உதிருத வரைக்கும் கேட்டுலயேதான் கெடந்துச்சு. துட்டி கேக்க வந்தவங்க எல்லாரும் இது என்னன்னு கேப்பாங்க. உம்மா ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லுவாங்க, எம் மவ காலேஜுலருந்து ஒரு வேன் நெறைய ஆளு வந்துச்சு, வெயில்ல ரோட்டுலயே நின்னாங்கன்னு. வாப்பா மௌத்துக்கு அழுததைவிட அதைச் சொல்லும்போது உம்மா அதிகமா அழுதாங்க சார்.” காந்திமதிநாதன் சார் கர்ச்சீப்பைப் பிரித்து முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டார். “அப்ப இனிமே வெள்ளிக்கெழம நான் என்ன கொண்டு வர?” என்றார், குரலைச் சரிப்படுத்திக்கொண்டு, கொஞ்சம் அதட்டலாகவே. “படைக்காம எடுத்துட்டு வாங்க சார். வீட்டுல பொங்குனது. எனக்கும் ரொம்ப நாளா அது எப்படி இருக்கும்னு பாக்க ஒரு ஆசை. குருவம்மா அப்படிப் புகழுவா.” “முந்திரி தூக்கலா போடச் சொல்லுதேன்” என்றார் அவர். “கோவில்ல முந்திரியில கை வைப்பான்.” செண்பகவல்லிக்கு எழுந்து நின்று கை தட்ட வேண்டும் போல இருந்தது. ஜன்னலைத் திறந்து கத்த வேண்டும் போல இருந்தது, வந்து பாருங்களேன், கேட்டுவிட்டார்கள், இரண்டு பேரும் கேட்டுவிட்டார்கள், ஒன்றும் இடிந்து விழவில்லை! சந்தோஷத்தை ஒளிக்கவும் அவளுக்குத் தெரியவில்லை, முகம் முழுக்க வந்துவிட்டது, வரட்டுமே. நல்ல புத்தகம்தான். நமக்கு மட்டும் நல்ல புத்தகம் இல்லை, எல்லாருக்கும் நல்ல புத்தகம். பிடாரிக்காகப் பல்லைக் காட்டவில்லை நான்.

முதல்வர் கடைசியாக மஞ்சள் புத்தகத்தைக் கையில் எடுத்தார். இப்போது அது எங்கே திறந்தது என்று அவள் பார்த்தாள், கடைசி அத்தியாயத்தில் போய்த் திறந்தது. “எனக்குக் கேள்வி இல்ல” என்றார், “புகார்தான். கடவுள் இல்லன்னு சொல்லுதவங்களுக்கு ஒன்றரைப் பக்கம். அதுல அரைப் பக்கம் படம். இது என்ன நியாயம்? இங்கர்சால் அப்பா தாலி இல்லாம ஐயர் இல்லாம கல்யாணம் பண்ணி, சொந்தக்காரன் எல்லாம் ஒதுக்கி வெச்சு, இருவது வருஷம் அந்தத் தெருவுல தனியா வாழ்ந்திருக்காரு. அதெல்லாம் எங்க இதுல? சாமி கும்புடுதவனுக்குத்தான் வைராக்கியமா? பத்துப் பக்கமாவது வேணும். நம்மளே எழுதிச் சேக்கணும்.” இங்கர்சால் பதறிப் போனார். “சார், எங்களுக்கு அது போதும் சார். கிறிஸ்தவத்துலதான் அநியாயம். ஆராதனையில பாடுதது, அழுவுதது, கூட்டமா நிக்கிறது, அதெல்லாம் நாலு வரியில முடிச்சிட்டான். சீர்திருத்தச் சபைகளை ஒரே பத்தியில போட்டது எனக்கே பொறுக்கல.” “நீங்க சும்மா இருங்க” என்று காந்திமதிநாதன் சார் மேசையைத் தட்டினார், “மொதல்ல இஸ்லாத்தை எடுங்க. சூஃபிகள் பாடுனது இங்க தமிழ்ல எவ்வளவு இருக்கு, ஒரு பாட்டு இல்ல இதுல. ஒரு பாட்டு! நான் விடமாட்டேன்.” “சார், அறுபத்து மூவர் எங்க இதுல?” என்று பாத்திமா மேடம், அளந்து பேசுகிற பாத்திமா மேடம், அவர் குரலுக்கு மேல் குரலை உயர்த்தினாள். “மூணு பேரைத்தான் போட்டிருக்கான், நான் எண்ணிப் பாத்தேன்!” போன கூட்டத்தின் அதே சத்தம், அதே மேசை தட்டல், அதே நாற்காலி இழுபறி. வராந்தாவில் போன அலுவலக ஆள் கதவைத் திறந்து தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, மறுபடியும் சண்டைதான் போல என்று சாத்திக்கொண்டு போய்விட்டார். செண்பகவல்லி நடுவில் உட்கார்ந்திருந்தாள். எதற்கு வந்தோம் என்பது அவளுக்கு மெதுவாக ஞாபகம் வந்தது, தீர்மானம் எழுத வேண்டும், கையெழுத்து வாங்க வேண்டும், நாலரைக்குள் அலுவலகத்தில் கொடுக்காவிட்டால் எல்லாம் வீண். “சார்... மேடம்... ஒரு நிமிஷம்” என்றாள். “அப்ப, புஸ்தகம்? எந்தப் புஸ்தகம்னு நாம இன்னும்...” நாலு பேரும் ஒரே சமயத்தில் அவள் பக்கம் திரும்பினார்கள். “மஞ்சள்தான்னு எப்பவோ முடிவாயாச்சே மேடம்” என்றார் முதல்வர் எரிச்சலோடு. “எழுதிக்கிட்டு வாங்க, கையெழுத்துப் போடுதோம். முக்கியமான விஷயம் பேசுறோம், குறுக்க பேசாதீங்க.” செண்பகவல்லி குறுக்கே பேசவில்லை.